குடைக்குள் கத்தி

எங்கள் வீட்டில் கரப்பான் பூச்சி அடிப்பது என் மனைவியின் இலாகா. நான் அகிம்சாவாதி. சமையலறையில் மீசை தெரிந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று "அதோ, சிலிண்டருக்குப் பின்னாடி" என்று வழி காட்டுவதோடு என் கடமை முடிந்தது. விளக்குமாறு, படார், முறம், குப்பைத்தொட்டி எல்லாம் அவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு கரப்பானைக்கூட நான் கொன்றதில்லை என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

இந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவன் என் அக்கா பையன். பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறான். வீடு மாற்றும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் பரண்மேல் வைத்தான்.

"என்னடா இது?"

"மாங்கா, மாமா."

மாங்கா என்றால் உப்பும் மிளகாய்த்தூளும் ஞாபகம் வருகிற தலைமுறை நான். திறந்தால் ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள், இங்கிலீஷில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லாதபோது முதலில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் புரட்டினேன். அடி வாங்கி விழுந்து கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான், சண்டை போட்டான், அப்புறம் சண்டைக்கே காரணம் தெரியாமல் ஹாயாக நடந்து போனான். நவீன உத்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமாம். புத்தகத்தைப் பின்னாலிருந்து படித்து முடித்துவிட்டிருந்தேன்.

அது 'ருரோனி கென்ஷின்'. நொபுஹிரோ வாட்சுகி எழுதி வரைந்தது. 1994 முதல் 1999 வரை 'ஷோனென் ஜம்ப்' என்ற பையன்கள் பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர். லேசுப்பட்ட பத்திரிகை இல்லை. 1995ஆம் வருஷத்து இதழ் ஒன்றை 65 லட்சம் பிரதிக்கு மேல் அச்சடித்திருக்கிறார்கள். கதை நடப்பது 1878ல். கென்ஷின் ஒரு காலத்தில் புரட்சிக்காரர்களுக்காக ஆள் வெட்டியவன். ராஜாங்கம் மாறியதும் இனி யாரையும் கொல்வதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு ஊர் சுற்றுகிறான். அவன் கத்தியில் கூர் தலைகீழாக இருக்கும். மொண்ணைப் பக்கம் எதிராளிக்கு, கூர்ப் பக்கம் தனக்கு. அருமையான கற்பனை. (இரும்புக் கம்பியால் மண்டையில் போட்டால் மட்டும் ஒருத்தன் பிழைத்துவிடுவானா என்று கேட்கக் கூடாது.)

நான் உருகிப்போய்விட்டேன். என் கட்சி ஆள்! விளக்குமாற்றைத் தொடாத வீரன்!

ஆனால் இருபது வருஷம் பாங்க்கில் வவுச்சர் சரிபார்த்த புத்தி சும்மா இருக்குமா? கதாநாயகன் கொல்ல மாட்டான், சரி. வில்லன் உயிரோடு இருந்தால் ஊர் பிழைக்காது. அப்போது கணக்கு எப்படி நேராகிறது? ஷிஷியோ என்று ஒரு பெரிய வில்லன். உடம்பு பூரா வெந்தவன். வியர்க்காது. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் சண்டை போட்டால் ஆபத்து என்று டாக்டர் கெடு வைத்திருக்கிறார். கெடு தாண்டுகிறது, ஆள் தானாகப் பற்றி எரிந்துவிடுகிறான். கென்ஷின் கையில் பாவம் ஒட்டவில்லை. கதாசிரியரே விளக்குமாற்றை எடுத்துவிட்டார்.

அதே ஜம்ப்பில் வந்த 'டிராகன் பால்' இன்னும் மோசம். கோக்கு என்கிற உத்தமன், கிரகம் கிரகமாக அழித்த ஃப்ரீஸாவைத் தோற்கடித்து, போனால் போகிறது என்று உயிர்ப்பிச்சையும் கொடுத்து, எழுந்து போகத் தன் சக்தியில் கொஞ்சமும் கொடுக்கிறான். அவன் முதுகில் குத்தப் பார்க்கிறான். இவன் ஒரு அடி கொடுக்கிறான். அப்படியும் பிழைத்து, உடம்பில் இரும்பு வைத்துத் தைத்துக்கொண்டு பூமிக்கே வந்துவிடுகிறான். அங்கே ட்ரங்க்ஸ் என்று ஒரு பையன் வருகிறான். பேச்சே கிடையாது. கத்தியை உருவி, நம் ஊர் வாழைத்தண்டு நறுக்குவதுபோல நறுக்கிவிடுகிறான். படிக்கிறவன் கை தட்டுகிறான். நானும் தட்டினேன். கோக்குவின் கருணை, ட்ரங்க்ஸின் கத்தி. இரண்டும் வேண்டியிருக்கிறது நமக்கு.

இதைப் போனில் அக்கா பையனிடம் சொன்னேன். "அப்ப நீங்க யூகியைப் படிக்கணும் மாமா. பெட்டியில அடியில இருக்கும். அத்தை கண்ணுல படாம படிங்க."

ஏன் அப்படிச் சொன்னான் என்று மூன்றாவது பக்கத்தில் புரிந்தது.

'லேடி ஸ்னோபிளட்'. கதை கஸுவோ கொய்கே, படம் கஸுவோ கமிமுரா. 1972, 73ல் 'வீக்லி பிளேபாய்' என்ற ஜப்பானியப் பத்திரிகையில் வந்தது. பேர்தான் ஒன்று, அமெரிக்கப் பத்திரிகை வேறு. ஜம்ப்பை நடத்துகிற ஷூயெய்ஷா கம்பெனியேதான் இதையும் நடத்துகிறது. பையன்களுக்கு ஒரு தர்மம், பெரியவர்களுக்கு ஒரு தர்மம், கல்லாப்பெட்டி ஒன்று. பெரியவர்கள் பத்திரிகை என்பதால் யூகிக்கு அடிக்கடி உடை நழுவுகிறது. கதைக்கு அவசியமா என்றால் இல்லை, விற்பனைக்கு.

ஜப்பானியப் பேர் 'ஷுராயுகிஹிமே'. நம் ஊர்க் குழந்தைகள் படிக்கும் 'ஸ்னோ ஒயிட்' கதைக்கு அங்கே 'ஷிராயுகிஹிமே' என்று பேர். ஒரே ஒரு எழுத்தை மாற்றிவிட்டார் கொய்கே. ஷிரா என்றால் வெள்ளை. ஷுரா என்றால்? நம் அசுரன்தான். பௌத்தத்தோடு கப்பலேறிப் போய் அங்கே ஷுரா ஆகிவிட்டான். ஆக, அசுரப் பனி இளவரசி.

1973லேயே இது படமாகவும் வந்தது. டோஷியா ஃபுஜிடா டைரக்‌ஷன், யூகியாக மெய்க்கோ காஜி. படத்தில் உள்ளபடி சொல்கிறேன். 1873ல் ஜப்பானில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. அரசாங்க அறிக்கையில் 'ரத்த வரி' என்று ஒரு வார்த்தையைப் போட்டுத் தொலைத்தார்கள். நிஜமாகவே ரத்தத்தை உறிஞ்சப் போகிறார்கள் என்று கிராமத்து ஜனங்கள் சிலர் நம்பி, பல இடங்களில் கலவரம் செய்தார்கள். இது சரித்திரம். கதையில் நாலு பேர் இந்தப் பயத்தில் காசு பார்க்கிறார்கள். பணம் கொடுத்தால் ராணுவத்திலிருந்து விலக்கு வாங்கித் தருவதாகச் சொல்லிக் கிராமத்தையே சுருட்டுகிறார்கள். வெள்ளை உடுப்பில் வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை ராணுவத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்று சொல்லிக் கொன்றுவிடுகிறார்கள். அவருடைய பையனையும். மனைவியைக் கெடுக்கிறார்கள். அவள் ஒருத்தனைத் தீர்த்துவிட்டு ஆயுள் தண்டனைக் கைதியாக ஜெயிலுக்குப் போகிறாள். மிச்சம் மூன்று பேர். முடிக்க ஒரு பிள்ளை வேண்டும். அதற்காகவே காவலர்களோடு படுத்து, 1874ல் பனி கொட்டுகிற ராத்திரியில் ஒரு பெண்ணைப் பெற்றுவிட்டுச் செத்துப்போகிறாள். யூகி என்றால் பனி. குடைக்காம்புக்குள் கத்தி. கென்ஷின் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு டோக்கியோவில் திரிகிற 1878ல் இந்தக் குழந்தைக்கு நாலு வயசு என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருவரும் ஒரே தெருவில் எதிர்ப்பட்டிருக்கலாம். மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பான்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. பழைய ஜப்பானில் அப்பாவைக் கொன்றவனைப் பிள்ளை தேடிப் போய்க் கொல்வது சட்டப்படி செல்லும். சாமுராய் என்றால் எஜமானரிடம் அனுமதி வாங்க வேண்டும், எழுதிப் பதிய வேண்டும், நம் ரிஜிஸ்தர் ஆபீஸ் மாதிரி. ஆனால் ஒரு ரவுண்டோடு சரி. கொல்லப்பட்டவனின் பிள்ளை பதிலுக்குக் கிளம்பக் கூடாது. இல்லாவிட்டால் ஊரில் ஆள் மிஞ்சாது என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. 1873ல் புது ராஜாங்கம் அந்த ஒரு ரவுண்டையும் ரத்து செய்தது. 1880ல் உசுய் ரொகுரோ என்ற வாலிபன், பன்னிரண்டு வருஷம் முன்னால் தன் பெற்றோரைக் கொன்றவரை டோக்கியோவில் தேடிப் பிடித்துக் குத்தினான். செத்தவர் அப்போது ஜட்ஜாக இருந்தார். ரொகுரோவுக்கு ஆயுள் தண்டனை. ஜப்பானின் கடைசிப் பழிவாங்கல் என்று அதைச் சொல்கிறார்கள். ஆக, நம் யூகி பிறக்கும்போதே அவளுடைய தொழில் சட்டவிரோதம்.

மூன்று பேரில் முதலில் அகப்படுகிறவன் பான்ஸோ. இத்தனை வருஷத்தில் ஆள் குடித்துக் குடித்து நொந்து, சூதாட்டக் கடனில் கிடக்கிறான். அவனுக்கு ஒரு மகள், கோபுவே. மூங்கில் கூடை பின்னி விற்று அப்பனைக் காப்பாற்றுகிற பெண். யூகி அவளைப் பார்க்கிறாள். பேசுகிறாள். பரிதாபமும் படுகிறாள். அப்புறம் பான்ஸோவைக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறாள். அவன் காலில் விழுந்து கெஞ்சுகிறான். வெட்டிவிடுகிறாள்.

இங்கே புத்தகத்தையும் படத்தையும் மூடிவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் உலாத்தினேன். கென்ஷின் கதையாக இருந்தால் பான்ஸோ திருந்தி இருப்பான். கோக்கு கதையாக இருந்தால் வேறு யாராவது வந்திருப்பார்கள். இங்கே டாக்டர் கெடுவும் இல்லை, ட்ரங்க்ஸும் இல்லை. வில்லனை ஒரு பெண்ணுக்கு அப்பாவாகவும் காட்டிவிட்டு, கத்தியைக் கதாநாயகி கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஈவிரக்கமில்லாதவள் என்று நாம் சொல்கிற இவள் கதையில்தான் செத்தவனுக்கு ஒரு வீடு இருக்கிறது, அங்கே ஒருத்தி கூடை பின்னிக்கொண்டு காத்திருக்கிறாள். கடைசியில், எல்லாக் கணக்கும் முடித்துப் பனியில் தள்ளாடி வரும் யூகியை அந்தக் கோபுவேதான் கத்தியால் குத்துகிறாள். பழைய சட்டம் தடுத்த இரண்டாவது ரவுண்டு.

குவென்டின் டாரன்டினோ 2003ல் 'கில் பில்' எடுத்தபோது பனித் தோட்டச் சண்டையிலிருந்து மெய்க்கோ காஜி பாடிய பாட்டு வரை இங்கிருந்துதான் அள்ளினார். கோபுவேயையும் விடவில்லை. கதாநாயகி ஒருத்தியைக் கொன்றுவிட்டுத் திரும்பினால் சின்ன மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரியவளானதும் கோபம் மிச்சமிருந்தால் வா, காத்திருக்கிறேன் என்கிறாள் இவள். (அதே படத்தில் ஒரு பகுதி கார்ட்டூனாக வருகிறதே, அதற்குத் தூண்டுதல் நம் கமலின் 'ஆளவந்தான்' என்று டாரன்டினோ தன்னிடம் சொன்னதாக அனுராக் காஷ்யப் சொல்லியிருக்கிறார். காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.)

"கென்ஷினைக் குறை சொல்லாதீங்க மாமா," என்றான் பையன் அடுத்த ஞாயிறு வந்தபோது. "கன்னத்துல தழும்பு எப்படி வந்துச்சுன்னு படிச்சீங்களா?"

படித்தேன். அவன் சொன்னது நியாயம். அந்தக் காலத்தில் கென்ஷின் வெட்டிய ஒரு சாதாரண இளைஞன், கல்யாணம் நிச்சயமானவன், சாக மறுத்துப் போராடியபோது கிழித்த கீறல் அது. அவனுக்கு நிச்சயம் செய்த பெண்தான் பின்னால் கென்ஷினுக்கே மனைவியாக வந்து, அவன் கத்தியாலேயே சாகிறாள். அவள் தம்பி வளர்ந்து பழிவாங்க வருகிறான். அந்தப் பகுதி சத்தியம் பண்ணாத காலத்துக் கணக்கு, அதனாலேயே கனமாக இருக்கிறது. சத்தியத்துக்கு அப்புறம்தான் வில்லன்கள் தானாகப் பற்றி எரிகிறார்கள்.

அவன் கொண்டுவந்த இன்னொன்று 'பிளாக் லகூன்', ரெய் ஹிரோயெ 2002ல் தொடங்கியது. அதில் ராக் என்று ஒரு டோக்கியோ ஆபீஸ் குமாஸ்தா. கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்துப்போனதும் சொந்தக் கம்பெனியே கைகழுவிவிடுகிறது. (மேலே படிக்காமல் உங்கள் மானேஜரை நினைத்துக்கொள்கிறீர்கள், தெரியும்.) அவனும் கொள்ளைக் கூட்டத்திலேயே சேர்ந்துவிடுகிறான், ஆனால் வெள்ளைச் சட்டையும் டையும் கழற்றுவதில்லை. ரெவி என்பவள் இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்துச் சுட்டுத் தள்ளுவாள். ராக் பக்கத்தில் நின்று மனசாட்சியோடு பேசிக்கொண்டிருப்பான். நாற்காலி மேல் நிற்கிற என்னை யாரோ ஜப்பானில் பார்த்து வரைந்த மாதிரி இருந்தது.

"யூகி செஞ்சது சரின்னு சொல்றீங்களா மாமா?" என்றான்.

அவனுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்த ஒருவர் ராவோடு ராவாக ஓடிப்போனார். அதில் அக்கா கல்யாணத்துக்கு அப்பா கட்டிய பணம். கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. (இல்லாவிட்டால் உனக்கு இப்போது இரண்டு வயசு கூட இருக்கும் என்றேன்.) அப்பா அப்புறம் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. தினம் படுத்தவுடன் அந்த ஆளை ஒருமுறை கொல்வேன். ஆற்றில் தள்ளுவேன், லாரியில் விடுவேன். கத்தி பிடிக்கவில்லை, ரத்தம் பயம். கொன்ற பிறகுதான் தூக்கம் வரும்.

"அப்புறம்?"

அப்புறம் வேறு ஊரில், பாங்க்கில் நான் டெபாசிட் கவுன்டர். ஒரு பெண் செத்துப்போன அப்பாவின் கணக்கை முடிக்க வந்தாள். டெத் சர்டிபிகேட்டில் பேர், இனிஷியல். பழைய கார்டை எடுத்தால் கையெழுத்து. கடைசி எழுத்தைச் சுழித்துக் கீழே இரண்டு புள்ளி. எங்கள் சீட்டுப் புஸ்தகத்தில் மாசாமாசம் பார்த்த அதே கையெழுத்து. கணக்கில் 412 ரூபாய்.

"தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்மா," என்றேன்.

"இந்த ஊர்ல அப்பாவைத் தெரிஞ்சவங்க யாரு சார் இருக்கா?" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். கையில் ஒரு மஞ்சள் பை.

பேனாவை மூடினேன், திறந்தேன். கடைசியில் நானே போட்டேன். டோக்கன் நம்பர் 17. கேஷியர் கூப்பிடுகிறவரை அவள் பக்கம் திரும்பாமல் லெட்ஜரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.