‘பழகுநர்’ என்றால் தொழிலாளி இல்லையாம்!

கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்கிறான். அவன் திருத்திய புரோகிராமுக்கும், அவன் பதில் சொன்ன புகாருக்கும் கம்பெனி அமெரிக்க வாடிக்கையாளரிடம் டாலர் கணக்கில் பில் போடுகிறது. ஆனால் அவன் தொழிலாளி அல்லவாம்! அவன் ‘அப்ரண்டிஸ்’, தமிழில் ‘தொழிற்பழகுநர்’. அவன் பெறுவது கூலி அல்ல, ‘உதவித்தொகை’. ஒருநாள் காலையில் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் அது வேலைநீக்கமும் அல்ல, ‘பயிற்சி முடிந்துவிட்டது’!

இது ஏதோ மானேஜர்களின் வாய்ஜாலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சட்டமே இப்படித்தான் பேசுகிறது.

1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், தொழிலாளி என்பவன் யார் என்று விளக்கும் இடத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் அப்ரண்டிசையும் சேர்த்துக்கொண்டது. 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டம் தன் 18-வது ஷரத்தில், ‘இவர்கள் பயிற்சி பெறுவோர், தொழிலாளிகள் அல்லர், தொழிலாளர் சட்டங்கள் இவர்களுக்குப் பொருந்தா’ என்றது. பாராளுமன்றம் 2020-ல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் அதே இடத்தில் அடைப்புக்குறி இருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் வார்த்தை மாறிவிட்டது. முன்பு ‘உட்பட’, இப்போது அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பழகுநரானவர் ‘நீங்கலாக’! ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையின் மறுபக்கத்தில் நிற்கிறார்கள் லட்சக்கணக்கான வாலிபர்கள்.

அந்த வார்த்தையின் பலன் என்ன என்பதை மைசூரில் நாடே பார்த்தது. 2022-ம் ஆண்டிலேயே வேலைக்கு உத்தரவு கொடுத்து, இரண்டு வருஷத்துக்கும் மேலாகக் காத்திருக்க வைத்து, 2024 அக்டோபரில் சேர்த்துக்கொண்ட பட்டதாரிகளை, 2025 பிப்ரவரியில் இன்போசிஸ் கம்பெனி வெளியேற்றியது. உள்பரீட்சையில் மூன்று முறை தேறவில்லை என்பது சொன்ன காரணம். முந்நூறுக்கு மேற்பட்டோர் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது, ஐ.டி. ஊழியர் அமைப்பொன்று இன்னும் அதிகம் என்றது. விஷயம் தொழிலாளர் இலாகாவுக்குப் போயிற்று. விசாரித்த அதிகாரிகள் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்த செய்தி என்ன? ‘இவர்கள் பயிற்சி பெற வந்தவர்கள்தாம், நிரந்தர ஊழியர்கள் அல்லர், தொழிலாளர் சட்டம் இங்கே பொருந்தாது.’ முடிந்தது விசாரணை! பையன்களும் பெண்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

மைசூர் எங்கே, புதுக்கோட்டை எங்கே என்கிறீர்களா? இந்த ஜில்லாவிலே வானம் பார்த்த பூமி அதிகம். ஆலங்குடிப் பக்கம் தென்னையையும் முந்திரியையும் 2018-ல் கஜா புயல் சாய்த்துப் போட்டது. நிலத்தை நம்ப முடியாத தகப்பன் மகனைப் படிப்பில் போடுகிறான். மாமன்னர் கல்லூரியில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினாலும், ஐ.டி.ஐ.யில் ‘கோபா’ என்கிற ஒரு வருஷக் கம்ப்யூட்டர் படிப்பை முடித்தாலும், பையன் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும். பக்கத்தில் திருச்சி நவல்பட்டில் எல்காட் பூங்கா. தஞ்சாவூரில் 2024-ல் திறந்த மினி டைடல். அங்கும் இடமில்லையென்றால் சென்னை, பெங்களூர். போன இடத்தில் முதலில் நீட்டப்படுவது வேலை உத்தரவு அல்ல, பழகுநர் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தில் உள்ள தொகையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019-ம் வருஷத்து விதிகள் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு மாதம் ரூ.7,000, பட்டதாரிக்கு ரூ.9,000. மாதத்தில் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஐ.டி.ஐ. பையனுக்கு நாளொன்றுக்கு ரூ.269. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் அறிவித்த கூலி ரூ.336! கம்மாய்க்கரையில் மண்வெட்டி பிடிக்கும் தாய்க்கு அறிவித்த கூலி, குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர் தட்டும் மகனின் தொகையைவிட அதிகம். (தாய்க்கு அந்தக் கூலி முழுசாகக் கைக்கு வந்ததா என்பது வேறு வழக்கு.) தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரை செய்தது. அது முழுசாகக் கிடைத்தாலும் மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறுதான். சென்னையில் ஒரு கட்டிலுக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் அது போதுமா என்று கவுன்சில் கனவான்கள் ஒரு மாதம் வாழ்ந்து காட்டட்டும்.

இந்த அற்பத் தொகையையாவது முதலாளி தன் பையிலிருந்து கொடுக்கிறானா? அதிலும் பங்கு போட சர்க்கார் இருக்கிறது. 2016-ல் வந்த தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில் தொகையில் கால் பங்கு, ரூ.1,500 வரை, பொதுப் பணம். பட்டதாரிகளுக்கும் டிப்ளமா படித்தவர்களுக்குமான இன்னொரு திட்டத்தில், நிர்ணயித்த தொகையில் பாதி பொதுப் பணம். சலுகை முதலாளிக்கு, சட்டப் பாதுகாப்பு மட்டும் யாருக்கும் இல்லை! 2014 திருத்தமோ சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. தினம் எத்தனை மணி நேரம் வேலை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையும் முதலாளி கையிலேயே கொடுத்தது.

இதற்கும் ஒரு படி மேலே போனவர்கள் உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக 2017-லிருந்து எச்.சி.எல். கம்பெனி ‘டெக்பீ’ என்ற திட்டத்தை நடத்திவருகிறது. அது விளம்பரப்படுத்திய கணக்கு இது: பயிற்சிக் கட்டணம் லட்சம் ரூபாய்க்கு மேல், கையில் இல்லாதவனுக்கு பாங்குக் கடன், பயிற்சியின் பிற்பகுதியில் மாதம் பத்தாயிரம், பிறகு வேலை, வருஷத்துக்கு ரூ.1,70,000 முதல் ரூ.2,20,000 வரை. மிக உயர்ந்த மார்க் வாங்கியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குத் தாட்கோ கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறது. சேரிப் பிள்ளை கம்பெனி வாசலை மிதிக்கிறதே என்று நாமும் மகிழ்கிறோம். ஆனால், ஐயா, தன் வேலைக்குத் தன் ஆளைத் தயார்செய்ய ஆகும் செலவை ஒரு கோடீஸ்வரக் கம்பெனி தகப்பனிடமும் தாட்கோவிடமும் வசூலிப்பது எந்த ஊர் நியாயம்? தறி வாங்க நெசவாளியிடமே பணம் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

‘பையனுக்கு ஒன்றும் தெரியாது. கற்றுக்கொடுக்கிறோம். கற்றுக்கொள்ளும்போது கூலி கேட்கலாமா?’ இதுதான் அவர்களுடைய பெரிய வாதம். பல பெற்றோர்களும் இதை நம்பி மௌனமாகிவிடுகிறார்கள்.

கொத்தனாரிடம் முதல் நாள் சேரும் சித்தாளுக்கு என்ன தெரியும்? சாந்துச் சட்டியைத் தூக்கவே தடுமாறுவாள். ஆனாலும் அன்று மாலை கூலி வாங்கித்தான் வீட்டுக்குப் போகிறாள். (அவளை ஆயுள் முழுதும் சித்தாளாகவே வைத்திருக்கிறார்களே, அந்த அநியாயத்தைத் தனியாக எழுதவேண்டும்.) கற்றுக்கொள்வதும் உழைப்பதும் ஒரே நேரத்தில்தான் நடக்கின்றன என்று நார்த்தாமலைக் கல்குவாரியில் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கற்றுக்கொடுப்பது என்றால் என்ன என்பதும் இந்த ஜில்லாவுக்குத் தெரியும். 1991-ல் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஒருத்தி விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். யாரும் யாரிடமும் டிபாசிட் கேட்கவில்லை. யாருடைய அசல் சான்றிதழையும் பீரோவில் வைத்துப் பூட்டவில்லை. இன்று பாண்டு எழுதி வாங்கி, சான்றிதழைப் பிடித்துவைத்து, ‘நடுவில் போனால் பணத்தைக் கட்டு’ என்று மிரட்டும் கம்பெனிகளுக்குக் கற்றுக்கொடுப்பதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

பழகுநர் முறையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. புத்தகத்தில் படித்தவன் வேலையில் கைபழகத்தான் வேண்டும். ஜெர்மனி ஒன்றும் சோஷலிஸ்ட் நாடு அல்ல. அங்கே 1997-ல் கம்ப்யூட்டர் துறைக்கென்று மூன்று வருஷப் பழகுநர் படிப்பு கொண்டுவந்தார்கள். பழகுநருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2020-ல் வந்தது: முதல் வருஷத்தில் மாதம் 515 யூரோ; 2025-ல் 682 யூரோ. ஆலைக்குள் பழகுநர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுடைய தொகைக்கும் தொழிற்சங்கம் பேரம் பேசுகிறது. அங்குள்ள முதலாளி நல்லவன் என்பதாலா? சங்கம் வலுவாக இருப்பதால்!

நம் ஊரிலும் வழி அடைபட்டுவிடவில்லை. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு சர்க்கார் 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே, நவல்பட்டுக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறும் வாலிபத் தோழனே, கையெழுத்துப் போடுமுன் கேள்: இந்த ஒப்பந்தம் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சர்க்கார் தளத்தில் பதிவாகியிருக்கிறதா? பதிவு எண் என்ன? பதிவே இல்லையென்றால், அந்த அடைப்புக்குறியைக் காட்டி உன்னைத் தொழிலாளி இல்லை என்று ஒதுக்க அவனால் முடியாது. நீ உரிமைகளோடு கூடிய தொழிலாளி என்று வாதாட இடம் இருக்கிறது. பதிவு இருந்தால் அடுத்த கேள்வி: பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பதைப் பற்றிக் கம்பெனி தனக்கென்று ஒரு கொள்கை வகுக்கவேண்டும் என்கிறது 22-வது ஷரத்து. அந்தக் கொள்கை எங்கே? எழுத்தில் காட்டச் சொல். பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்கிறது 15-வது ஷரத்து. இரவு பத்து மணிக்கு மேஜையில் வேலையைக் கொண்டுவந்து போட்டால், அந்த அனுமதிக் கடிதத்தைக் கேள். தனியாகப் போய்க் கேட்காதே. உன்னோடு சேர்ந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போ.