சூளை மீட்டர் 1250 காட்டுகிறது. அந்த மீட்டருக்கு யார் சொன்னது?

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டின் சூளைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதில் சிவப்பு எழுத்தில் 1250 என்று எரிந்துகொண்டிருக்கும். உள்ளே 1250 டிகிரி செல்சியஸ் என்று அர்த்தம். ‘அதான் மெஷினே சொல்லுதே, அப்புறம் என்ன சந்தேகம்?’ என்று கேட்கத் தோன்றும். சரி, அந்த மெஷினுக்கு யார் சொன்னது?

குதர்க்கமான கேள்வி இல்லை இது. பக்கத்தில் நெய்வேலி, அங்கே பழுப்பு நிலக்கரியோடு சேர்ந்து கிடைக்கும் களிமண், செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசு டிப்ளமோ நிறுவனம் என்று பீங்கானைச் சுற்றி வளர்ந்த ஊர் விருத்தாசலம். அகல் விளக்கும் பொம்மையும் செய்யும்போது சூளையில் இருபது டிகிரி முன்னே பின்னே போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. மின்கம்பத்தில் ஏறும் இன்சுலேட்டர் அப்படியில்லை. வேக்காடு குறைந்தால் உள்ளே நுண்துளைகள் நிற்கும். மழையில் அதில் ஈரம் இறங்கினால் மின்சாரம் கசிய வழி கிடைத்துவிடும். வேக்காடு கூடினால் பொருள் கோணும், உப்பும், அளவு மாறும்.

உயர் மின்னழுத்த இன்சுலேட்டர்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 731. அதில் ஒரு சோதனை உண்டு. உடைத்த பீங்கான் துண்டைச் சாயக் கரைசலில் அழுத்தத்தோடு ஊற வைப்பார்கள். பிறகு மறுபடி உடைத்துப் பார்ப்பார்கள். சாயம் உள்ளே இறங்கியிருந்தால் ஃபெயில். அந்த நேரத்தில் ‘எங்க மீட்டர்ல 1250 சரியாத்தானே காட்டுச்சு’ என்று சொன்னால் எடுபடாது. வாங்குகிற நிறுவனத்தின் கையில் சோதனைக்கூட அறிக்கை இருக்கும். செய்தவர் கையில் என்ன இருக்கும்? சிவப்பு எழுத்து மட்டும்தான். பெரிய வாங்குநரிடம் சின்ன யூனிட் சமமாக நின்று பேச வேண்டுமென்றால் அந்த 1250-க்கு ஒரு பூர்வீகம் வேண்டும். அளவியலில் இதை டிரேசபிலிட்டி என்கிறார்கள். தமிழில் தடத்தொடர் எனலாம்.

பூர்வீகம் இல்லாத எண் என்ன பாடு படுத்தும் என்பதை முதலில் அனுபவித்தவரும் ஒரு பீங்கான்காரர்தான். இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட், சூளை வெப்பத்தை அளக்கத் தானே ஒரு கருவி செய்து, 1782-ல் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி எழுதினார். களிமண் துண்டைச் சூளைக்குள் வைப்பது, அது எவ்வளவு சுருங்கியது என்று பார்ப்பது, அதை வைத்து வெப்பத்தைச் சொல்வது. அருமையான யோசனைதான். அவருடைய அளவையை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் வெள்ளி உருகுவது 4717 டிகிரி என்று வந்தது. உண்மையில் அது சுமார் 1763. அதைவிடப் பெரிய தலைவலி களிமண்ணே கொடுத்தது. ஒரே பகுதியில் வெவ்வேறு இடத்தில் எடுத்த மண் ஒரே மாதிரி சுருங்கவில்லை. ஆக, அவருடைய டிகிரி அவர் கையில் இருந்த மண்ணோடு முடிந்தது. வேறொருவர் தன் ஊரில் அதைத் திரும்பச் செய்து சரிபார்க்க வழியில்லை.

இன்றைக்கு அதே வெள்ளிதான் நமக்குக் கைகொடுக்கிறது. தூய வெள்ளி உறையும் புள்ளி 961.78 டிகிரி செல்சியஸ், தாமிரத்துக்கு 1084.62. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட 1990-ம் ஆண்டின் சர்வதேச வெப்ப அளவையில் இவை நிலைப்புள்ளிகள். டெல்லியில் 1950-ல் திறக்கப்பட்ட தேசிய இயற்பியல் ஆய்வகம் (என்.பி.எல்.) இந்தியாவின் மூல அளவைகளைப் பராமரிக்கிறது. அங்கே ஒப்பிட்ட கருவியோடு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் தன் கருவியை ஒப்பிடும். அந்த ஆய்வகம் உங்கள் தெர்மோகப்பிளை ஒப்பிடும். பெட்ரோல் பங்க்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்கிறோமே, அந்தக் குடுவையில் இருக்கும் அரசு முத்திரைக்குப் பின்னாலும் இப்படித்தான் ஒரு சங்கிலி டெல்லி வரை போகிறது.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் சந்தேகம் சேரும். அதை மறைக்காமல் எண்ணாகவே எழுதிவிடுவதில்தான் இந்த முறையின் நேர்மை இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு காலிபரேஷன் சான்றிதழ், ‘கருவி 1250 காட்டும்போது உண்மை வெப்பம் 1241, நிச்சயமின்மை கூட்டியோ குறைத்தோ 3 டிகிரி’ என்று சொல்லும். 9 டிகிரி பிசகு இருப்பது பெரிய குற்றமில்லை, தெரிந்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம். அந்த 3 என்ற எண் இல்லாத சான்றிதழ்தான் பிரச்சினை. ‘என்.பி.எல்.லுடன் தொடர்புடையது’ என்ற வரியும் வட்ட முத்திரையும் மட்டும் இருந்தால் அது ஃபைலில் போட உதவும், சூளைக்கு உதவாது. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. காலிபரேஷன் என்றால் கருவியை ரிப்பேர் செய்து கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒப்பிட்டுச் சொல்வது மட்டும்தான். திருத்தத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியது நாம்.

பாரிஸ் பக்கத்திலிருந்தும் டெல்லியிலிருந்தும் பத்திரமாக வந்து சேரும் சங்கிலி பெரும்பாலும் அறுந்துபோவது கடைசி மூன்று மீட்டரில். தெர்மோகப்பிளின் தலையிலிருந்து மீட்டர் வரை போகும் வயர்தான் அந்த இடம். அதற்கென்று தனி ‘காம்பன்சேட்டிங் கேபிள்’ உண்டு. அவசரத்துக்குச் சாதாரண செம்புக் கம்பியைப் போட்டால் என்ன ஆகும்? சூளைப் பக்கம் தெர்மோகப்பிள் தலை 70 டிகிரியில் இருக்கிறது, மீட்டர் பெட்டி 35 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் உள்ள அந்த 35 டிகிரி கணக்கிலேயே வராது. கே டைப் தெர்மோகப்பிளில் மீட்டர் கிட்டத்தட்ட அவ்வளவு குறைவாகக் காட்டும். பர்னர் இன்னும் எரிந்துகொண்டே இருக்கும். சான்றிதழ் ஃபைலில் எல்லாம் பக்காவாக இருக்கும், லாட் மட்டும் கோணிப்போய் வெளியே வரும்.

தெர்மோகப்பிளுக்கே உள்ள குணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். விலை குறைந்த கே டைப், ஆயிரம் டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வேலை செய்தால் மெல்ல மெல்லத் தடம் மாறும். கம்பியின் எந்தப் பகுதி எவ்வளவு சூடு பட்டது என்பதைப் பொறுத்தது அந்த மாற்றம். அதனால் பழைய தெர்மோகப்பிளைச் சூளையிலிருந்து உருவி சென்னைக்குப் பார்சல் அனுப்பி, அங்கே வேறோர் உலையில், வேறோர் ஆழத்தில் வைத்துப் பார்த்து வாங்கிய சான்றிதழ், திரும்பச் சூளைக்குள் போனதும் பொருந்தாமல் போகலாம். ஒழுங்கான வழி தலைகீழானது. நம்பகமான ஒப்பீட்டுக் கருவி சூளைக்கு வர வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து அதே நெருப்பை அளக்க வேண்டும்.

இங்கேதான் விருத்தாசலத்துக்கு ஒரு வசதி. யூனிட்டுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் இதைச் செய்வது கஷ்டம், ஒரே தொழிற்பேட்டையில் பக்கம் பக்கமாக இருக்கும் ஊரில் சுலபம். பிளாட்டினம்-ரோடியம் கம்பியில் செய்த எஸ் டைப் தெர்மோகப்பிள் இந்த வெப்பத்துக்கு நிதானமானது. விலைதான் கூடுதல். ஒவ்வொரு யூனிட்டும் தனித்தனியாக வாங்கச் சொன்னால் நடக்காது. பேட்டைக்குப் பொதுவாக ஒன்று, அதற்குரிய கேபிளும் மீட்டரும் சேர்த்து ஒரே செட்டாக அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் காலிபரேட் செய்தது, முறை வைத்துச் சூளை சூளையாகப் போக வேண்டும். தொழில் துறை பணம் போடலாம், யூனிட்டுகள் வாடகை தரலாம். ஒப்பீட்டு வேலையைச் செராமிக் டிப்ளமோ மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்தால், படிக்கும்போதே நிச்சயமின்மை கணக்குப் போட்டுப் பழகியிருப்பார்கள். தரக் கட்டுப்பாட்டு வேலைக்கு இன்டர்வியூ போகும்போது அது பேசும்.

பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு பெட்டி, ஒரு நோட்டு. நோட்டில் தேதி, சூளை எண், நம் மீட்டர் காட்டியது, ஒப்பீட்டுக் கருவி காட்டியது, வித்தியாசம் என்று ஐந்து கட்டம். அடுத்த முறை லாட்டைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி போன் வரும்போது, மேஜையில் எடுத்துப் போட அந்த நோட்டு இருக்க வேண்டும்.