சேப்பாக்கம் டிக்கெட்: ஷிப்ட் மாறினால் 1,700 ரூபாய் அம்போ!

வேப்பம்பட்டு: ஐபிஎல் சீசன் வந்தாலே வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருநின்றவூர் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு இரண்டு கவலை. சேப்பாக்கத்துக்கு டிக்கெட் கிடைக்குமா? கிடைத்தாலும் அன்றைக்கு ஷிப்ட் ஒத்துவருமா?

மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து நடந்தால் பார்க் டவுன், பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கம். வழி சுலபம். டிக்கெட்தான் குதிரைக் கொம்பு.

2023ல் கவுன்ட்டரிலும் டிக்கெட் கொடுத்தார்கள். விடிய விடிய வரிசையில் நின்றால் 1,500 ரூபாய்க்கு ஒன்று தேறும். 2024ல் எல்லாம் ஆன்லைன் என்றாகிவிட்டது. 2025 மார்ச் 23ம் தேதி நடந்த சென்னை-மும்பை ஆட்டத்துக்கு ஆரம்ப விலையே 1,700 ரூபாய். அதிகபட்சம் 7,500. செல்போனைத் திறந்தால் முன்னால் லட்சக்கணக்கில் ஆட்கள். நம்ம முறை வருவதற்குள் காலி!

சாதாரண ரசிகர் மட்டுமா? 2023 ஏப்ரலில் சட்டசபையிலேயே எம்எல்ஏக்களுக்கு ஐபிஎல் டிக்கெட் கேட்டார் அதிமுகவின் எஸ்.பி.வேலுமணி. அமித்ஷா மகன்தான் கிரிக்கெட் வாரியத்தில் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்று அமைச்சர் உதயநிதி பதில் சொல்ல, ஒரே சிரிப்பு. எம்எல்ஏ கதியே இதுதான்.

அடித்துப் பிடித்து வாங்கியவர் கதை இன்னும் சோகம். ஆட்டத்தன்று ஷிப்ட் மாறுகிறது, அல்லது வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. டிக்கெட்டைத் திருப்பித் தர வழியில்லை. பணமும் திரும்பாது. அடுத்தவருக்கு விற்கக் கூடாது என்று விதி வேறு. வாங்கின விலைக்கே தந்துவிடலாம் என்று நினைக்கும் நல்ல மனுஷனையும், நாலு மடங்கு கேட்கும் புரோக்கரையும் இந்த விதி ஒரே தட்டில் வைக்கிறது. கடைசியில் அந்த டிக்கெட்டும் புரோக்கர் கைக்குத்தான் போகிறது.

வெளிநாட்டில் இதற்கு வழி இருக்கிறது. விம்பிள்டன் டென்னிசில் சீக்கிரம் கிளம்புகிறவர்கள் விட்டுச் செல்லும் டிக்கெட்டை குறைந்த விலைக்கு மறுபடி விற்று, பணத்தை நல்ல காரியத்துக்குக் கொடுக்கிறார்கள். 1954லிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. 2022ல் ஆஸ்திரேலியாவில் நடந்த டி20 உலகக் கோப்பைக்கும், வாங்கின விலையிலேயே கைமாற்ற அதிகாரப்பூர்வ ஏற்பாடு இருந்தது. விற்பனையே ஆன்லைன், நுழைவதும் கியூஆர் கோடு என்றான பிறகு சேப்பாக்கத்தில் இதைச் செய்வது பெரிய கம்ப சூத்திரம் அல்ல. மனசுதான் வேண்டும்.

சட்டம் தடுக்குமே என்றால், அதிலும் ஓட்டை. 2025 ஜனவரியில் நவிமும்பையில் நடந்த கோல்ட்பிளே இசை நிகழ்ச்சிக்கு சில ஆயிரம் ரூபாய் டிக்கெட்டை லட்சங்களில் கூவி விற்றார்கள். வழக்கு மும்பை ஐகோர்ட் வரை போனது. சட்டம் போடுவது அரசின் வேலை என்று கோர்ட் கையை விரித்துவிட்டது. இதற்கிடையே ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 40 ஆனது, 2025 செப்டம்பர் 22 முதல். முன்பு வரியோடு 1,280 ரூபாய்க்கு வந்த டிக்கெட் இப்போது 1,400.

பிளாக்கில் விலை மட்டுமா பிரச்னை? அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸ் வாசலில் பிளாக்கில் வாங்கினாலும் படம் பார்த்துவிடலாம். இப்போது ஒரே கியூஆர் கோடை அஞ்சு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காசு பார்க்கிறார்கள். முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே, மற்ற நாலு பேர் கேட்டுக்கு வெளியே! முன்பின் தெரியாதவருக்கு ஜிபே பண்ணிவிட்டுப் புலம்பிப் பிரயோஜனமில்லை.

கட்டுப்படியான விலைக்கு வேண்டுமென்றால் முதல் ஆட்டத்தையும் மும்பை, பெங்களூரு ஆட்டங்களையும் விட்டுவிடலாம். அணி சறுக்கினால் கிராக்கியும் குறையும். 2025ல் சென்னை அணி சொந்த மண்ணில் தொடர்ந்து 5 ஆட்டம் தோற்றது, பட்டியலில் கடைசி இடம். அப்படிப்பட்ட நேரத்தில் டிக்கெட் புரோக்கருக்கே பாரம்தான். சும்மாவே பார்க்க வேண்டும் என்றால் ரஞ்சி ஆட்டம் இருக்கிறது, பெரும்பாலும் இலவசம். என்ன, தோனி வரமாட்டார்.