பிணை நின்றவர்கள்

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் திருவாலங்காட்டுக்குச் சென்றிருந்தோம். ஊர்த்துவ தாண்டவம் நிகழ்ந்த இரத்தின சபை, காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்த தலம் என்பவை அனைவரும் அறிந்த பெருமைகள். எங்களை அன்று அதிகம் பாதித்தது அருகிலுள்ள பழையனூரின் கதை. எழுபது வேளாளர்கள் தீப்புகுந்த இடமென்று ஒரு மண்டபத்தைக் காட்டுகிறார்கள்.

நீலி கதையைப் பலரும் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். பழி தீர்க்க வந்த பேய், கைக்குழந்தையோடு வந்த மனைவியாக வேடம் பூண்டு ஒரு வணிகனைத் தொடர்கிறது. அவனோ மந்திர வாள் ஒன்றைத் தற்காப்பாக வைத்திருக்கிறான். ஊர்ச்சபையிடம் முறையிடுகிறான், இவள் பெண்ணல்லள், பேய் என்கிறான். சபையார் நம்பவில்லை. அவளுடைய கண்ணீரை நம்பி, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இரவு இருவரையும் ஓரிடத்தில் தங்கச் சொல்கிறார்கள். "உன் உயிருக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு" என்று வாக்களிக்கிறார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாமல் எழுபதின்மரும் மாய்கிறார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்பு உள்ள தொன்மையான கதை இது.

திரும்பும் வழியில் ரயிலில் பேச்சு எங்கெங்கோ சென்று ககன்யானில் வந்து நின்றது. திருவாலங்காட்டிலிருந்து வடகிழக்கே சுமார் எண்பது கிலோமீட்டரில்தான் ஸ்ரீஹரிகோட்டா. "2018 சுதந்திர தினத்தன்று அறிவித்தார்கள், 2022க்குள் மனிதர் விண்ணுக்குச் செல்வார் என்றார்கள். அந்த ஆண்டும் போயிற்று. இன்னும் சோதனை, சோதனை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்" என்று நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்புக்கு எங்கள் மறுமொழியே இக்கட்டுரை.

செயற்கைக்கோளை ஏற்றிச் செல்லும் எந்திரத்துக்கும் மனிதரை ஏற்றிச் செல்லும் எந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சோதனைத் திடலில் உருவாவது. நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் அந்தத் திடல் இருக்கிறது. எல்விஎம்3 ராக்கெட்டின் மேலடுக்கை இயக்கும் சிஇ20 என்னும் கிரையோஜெனிக் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குள் வரும் திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி. சற்றுத் தள்ளி, அது எரியும் அறையில் மூவாயிரம் டிகிரியைத் தொடும் நெருப்பு. இவ்விரண்டுக்கும் இடையே உலோகமும் பற்றவைப்பும் அடைப்பான்களும் பிழையின்றி நிற்க வேண்டும். மனிதப் பயணத்துக்குத் தகுதி பெற இவ்வகை எந்திரம் குறைந்தது 6350 விநாடிகள் எரிந்து காட்ட வேண்டும் என்பது விதி. நான்கு எந்திரங்களைக் கொண்டு 39 முறை, மொத்தம் 8810 விநாடிகள் எரித்துப் பார்த்தார்கள். ஒரு பயணத்தில் அது எரிய வேண்டியதோ பத்துப் பதினொரு நிமிடங்கள்தாம். மேலடுக்கு உயிர்பெறுவது காற்றற்ற வெளியில் என்பதால், தரையிலேயே வெற்றிடத்தை உண்டாக்கி அதில் பற்றவைக்கும் சோதனையையும் ஏழு முறை செய்தார்கள். 2024 பிப்ரவரி 13 அன்று நடந்த ஏழாவதோடு அந்தத் தகுதிச் சோதனைகள் நிறைவடைந்தன.

பழையனூர்ச் சபையார் செய்யத் தவறியது இதைத்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அவர்களது வாய்மையை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர்கள் சோதித்துப் பார்க்காமல் பிணை நின்றார்கள். அதைவிட முக்கியமாக, அபாயம் உண்டு என்று அஞ்சியவனிடமே அதற்குச் சான்று கேட்டார்கள். அபாயம் இல்லை என்பதற்கு யாரிடமும் சான்று கேட்கவில்லை.

1986 ஜனவரி 27 இரவு அமெரிக்காவிலும் இதே தவறு நடந்தது. சாலஞ்சர் விண்ணோடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில் அவற்றின் ரப்பர் வளையங்கள் இறுகி மூட்டுகளை அடைக்காமல் போகலாம், ஏவ வேண்டாம் என்று மன்றாடினார்கள். ஆபத்து என்று நிரூபியுங்கள் என்றது மேலிடம். மறுநாள் காலை, புறப்பட்ட 73ஆம் விநாடியில் ஏழு பேர் மாண்டார்கள். வாளைப் பறித்துவிட்டு வாக்குக் கொடுத்த கதைதான் அதுவும்.

எந்திரங்களைப் போலவே பொருள்களும் பேய் வேடம் பூணக்கூடியவை. 1967இல் அப்போலோ 1 கலத்தில் மூவர் எரிந்து இறந்தது விண்ணில் அன்று. தரையில், எரிபொருளே நிரப்பாத ராக்கெட்டின் உச்சியில் நடந்த ஒத்திகையில். தூய ஆக்சிஜன் நிறைந்த அறையில் நைலான் வலைகள் நொடியில் பற்றிக்கொண்டன. உட்புறமாகத் திறக்கும் கதவை அழுத்தம் அடைத்துக்கொண்டது. 2003இல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரைப் பலிகொண்ட கொலம்பியா விபத்தில், எடையற்றது என்றே சொல்லத்தக்க நுரைத் துண்டு ஒன்று இறக்கையின் வெப்பக் கவசத்தில் துளையிட்டது. முன்பும் நுரை உதிர்ந்து ஒன்றும் ஆகவில்லையே என்ற பழக்கம்தான் அங்கே கண்ணை மறைத்தது.

ஆகவே தாமதத்தை நாங்கள் குறையாகக் கருதவில்லை. 2023 அக்டோபர் 21 அன்று, ஆபத்து வேளையில் வீரர்களின் கலத்தைப் பிரித்தெடுத்துக் காக்கும் அமைப்பைச் சோதிக்க ஸ்ரீஹரிகோட்டாவில் ஏற்பாடாகியிருந்தது. ஐந்து விநாடிகள் எஞ்சியிருக்கக் கணினி ஏவுதலை நிறுத்தியது. நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது காரணத்தைக் கண்டறிந்து, சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள். கலம் பத்திரமாகக் கடலில் இறங்கியது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா செல்லவிருந்த அமெரிக்க ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தபோது, முழுமையாகச் சீர்செய்த பின்பே புறப்பட வேண்டும் என்று இஸ்ரோ தலைவர் நாராயணனின் குழு உறுதியாக நின்றது. பயணம் ஜூன் 25க்குத் தள்ளிப்போனது. குமரி மாவட்டத்தில் பிறந்து கிரையோஜெனிக் எந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்தவருக்கு, சிறு கசிவின் பொருள் தெரியாமல் இருக்குமா?

எங்கள் மனக்குறை வேறொன்று. 2021 ஆகஸ்டில் ஜிஎஸ்எல்வி எஃப்10 தோற்றபோது, ஓர் அடைப்பானின் கசிவால் ஹைட்ரஜன் கலனின் அழுத்தம் குறைந்ததே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது; அந்த முடிவுகளை இஸ்ரோ வெளியிட்டது. 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி சி61 மூன்றாம் அடுக்கில் தோற்றது. அதன் விசாரணை அறிக்கையோ அந்த ஆண்டு முடியும்வரை மக்கள் பார்வைக்கு வரவில்லை. அது மனிதரை ஏற்றும் ராக்கெட் அன்று என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் தோல்வியைப் பேசாமல் விடும் பழக்கம் ஒரு ராக்கெட்டோடு நின்றுவிடுவதில்லை. வணிகனின் முறையீடு சபையில் வெளிப்படையாக ஒலித்தது. அப்போதும் அவனைக் காக்க முடியவில்லை. ஒலிக்கவே இடமில்லாத முறையீட்டின் கதி என்ன?

ககன்யானுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அந்த நால்வரில் யார் ஏறினாலும், பிணை நிற்பது விஞ்ஞானிகள் மட்டுமல்லர். வரி கொடுத்தும் கைதட்டியும் தேதி கேட்டும் நிற்கின்ற நாம் அனைவருமே. நமக்கு நேரும் இழப்பு பழையனூராருடையதைப் போல இராது. ஏதேனும் நேர்ந்தால் நாம் யாரும் தீப்புகப் போவதில்லை. அப்படியிருக்க, எப்போது என்று கேட்பதைச் சற்று நிறுத்திக்கொண்டு, எத்தனை முறை சோதித்தீர்கள், எதில் தோற்றீர்கள், என்ன திருத்தினீர்கள் என்று கேட்கப் பழகுவோம். ரயிலில் சலித்துக்கொண்ட நண்பரும் இறங்கும் முன் இதை ஒப்புக்கொண்டார். அறிக்கைகள் வெளிவர வேண்டும் என்பதில் அவர் எங்களைவிடவும் பிடிவாதமாக இருந்தார்.