ஐப்பசியில் எந்த இலை உதிர்கிறது?

புகைப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் சங்கம் ஒன்று சென்ற ஆண்டு ஒரு போட்டி நடத்தியது. சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். போட்டியின் தலைப்பு ‘இலையுதிர் காலம்’. ஐப்பசி முடிவதற்குள் படங்கள் வந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை. நான் இருக்கன்குடியில் எடுத்த ஒரு படத்தை அனுப்பி வைத்தேன். மழை விட்ட மாலை நேரம். நனைந்து கறுத்த கரிசல் காடு. அதில் விரல் நீளம் முளைத்திருந்த கம்புப் பயிர். உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வரப்போரம் நடந்து போகும் ஒரு பெரியவர். ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரியோடு படம் திரும்பி வந்தது. பரிசு பெற்ற படத்தையும் பிறகு பார்த்தேன். மலைவாசஸ்தலத்துத் தோட்டம் ஒன்றில் சிவந்து நிற்கும் ஏதோ ஒரு சீமை மரம். அந்தச் சிவப்பில் மரத்தின் பங்கு எவ்வளவு, கம்ப்யூட்டரின் பங்கு எவ்வளவு என்று ஆராய நான் வரவில்லை.

பரிசு கிடைக்காத கோபத்தில் எழுதுகிறான் என்று வாசகர்கள் நினைக்கலாம். கோபம் கொஞ்சம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது பரிசைப் பற்றியதல்ல; அந்தத் தலைப்பைப் பற்றியது. ஐப்பசி மாதத்தில், தமிழ்நாட்டில், எந்த இலை உதிர்கிறது? யாராவது எனக்குக் காட்டட்டும்.

இலை பழுத்துச் சிவந்து உதிர்வது பனி நாடுகளில் நடக்கிற காரியம். அங்கே பகல் சுருங்கிக்கொண்டே வரும். லண்டனில் கோடையின் நீண்ட பகலுக்கும் மாரியின் குறுகிய பகலுக்கும் 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். வெயிலும் சூடும் குறைவதை மரம் தெரிந்துகொண்டு, இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்துச் சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, வெறும் சருகைக் கீழே தள்ளுகிறது. எங்கள் சாத்தூர்ச் சீமையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம், அதற்குமேல் சில நிமிஷம். இந்த அற்ப வித்தியாசத்துக்காக எந்த வேப்பமரம் இலையைக் கொட்டும்? எங்கள் மரங்களும் உதிர்க்கின்றன. ஆனால் மாசியிலும் பங்குனியிலும், தண்ணீரைச் சிக்கனம் பண்ணுவதற்காக உதிர்க்கின்றன. உதிர்த்த சூட்டோடு வேம்பு செந்தளிர் விட்டுவிடும். ஆக, இலை உதிர்கிற மாதமும் வேறு, காரணமும் வேறு.

சரி, ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் தமிழில் பெயர் இல்லையா என்றால், தொல்காப்பியர் காலத்திலிருந்தே இருக்கிறது. கூதிர் என்று பெயர். வாடைக் காற்றும் மழையும் குளிரும் சேர்ந்த பருவம். வடநாட்டில் மழை ஓய்ந்து வானம் தெளிகிற அதே வேளையில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிறது. இன்றும் எங்கள் பக்கத்துப் பாட்டிமார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “கூதலடிக்குதுய்யா” என்றுதான் சொல்லுகிறார்கள். பாட்டியின் வாயில் இருக்கிற சொல் பேரனின் பாடப் புத்தகத்தில் ‘இலையுதிர் காலம்’ என்று வேஷம் மாறிவிட்டது. சொல் மாறினால் போகட்டும் என்று விட்டுவிடலாம். சொல்லோடு கண்ணும் மாறிவிட்டது என்பதுதான் என் வழக்கு.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைப் படித்துப் பாருங்கள். அதில் மழையால் நிலம் மாறிய கோவலர் நெருப்பில் கை காய்ச்சிக்கொண்டு நடுங்குகிறார்கள். மேகம் சூரியனை மறைத்துவிட்டதால் பொழுது போவது தெரியாமல், பிச்சிப்பூவின் அரும்பு அவிழ்ந்து மணப்பதைக் கொண்டு ‘மாலை வந்துவிட்டது’ என்று பெண்கள் அறிந்துகொள்கிறார்கள். வீட்டுப் புறாக்கள் இரை தேடப் போகாமல், இரவும் பகலும் தெரியாமல் மயங்கி, கால் மாற்றி மாற்றி நிற்கின்றன. கால் மாற்றி நிற்கும் புறா! காமிரா இல்லாத காலத்தில் ஒரு மனிதர் இதைப் பார்த்திருக்கிறார். கையில் விலையுயர்ந்த காமிராவும் சட்டைப்பையில் இன்னொரு காமிராவும் வைத்திருக்கிற நாம் மேப்பிள் இலையைத் தேடிக்கொண்டு திரிகிறோம்.

“உங்கள் ஊரில் எடுப்பதற்கு என்ன சார் இருக்கிறது? பொட்டல்!” என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. கேட்கட்டும், சொல்லுகிறேன்.

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சந்திக்கின்றன. வருஷத்தில் பல மாதம் இரண்டும் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் வந்து பாருங்கள். டீயின் நிறத்தில் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வரும். முதல் தண்ணீரைப் பார்க்க ஊரே கரையில் நிற்கும். அந்த முகங்களைப் படம் பிடித்தால் போதும்; ஆறு படத்தில் இல்லாவிட்டாலும் தண்ணீர் வந்துவிட்டது தெரிந்துவிடும்.

கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்த கரிசல், மழை குடித்து உப்பி, வெடிப்பை எல்லாம் தானே மூடிக்கொள்ளும். பிறகு அதில் நடந்து பாருங்கள்! செருப்பைக் கையில் எடுக்க வேண்டியதுதான். மோட்டார் சைக்கிளின் மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரம் சுற்றாது. எவ்வளவு பெரிய மனிதரும் இறங்கிக் குச்சியால் மண்ணைச் சுரண்டுவார். புரட்டாசியில் புழுதியை நம்பி விதைத்த கம்பும் பருத்தியும் உளுந்தும் மல்லியும் ஒரே வாரத்தில் காட்டுக்குப் பச்சைக் கோடு போட்டுவிடும். தரையோடு குனிந்தால் சிவப்பு வெல்வெட்டில் வெட்டி எடுத்தாற்போலத் தம்பலப்பூச்சி ஊரும். தலைக்குமேல் தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். நிறம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, ஆவாரம்பூவின் மஞ்சள் ரோட்டோரம் முழுக்க இருக்கிறது. மழைக்காலத்து வேலியில் படர்கிற செங்காந்தள் மஞ்சளாகப் பூத்து நாளாக ஆகச் சிவப்பாக மாறும். பழுத்த இலையில் பார்க்கப் போகிற அதே மாற்றந்தான். பயணச் செலவு மட்டும் மிச்சம்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி மாலையில் நாலரை ஐந்து மணிக்கு மேகம் மேற்கே கொஞ்சம் விலகும். தூசி கழுவப்பட்ட காற்றில், கறுத்த வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, பனை மரங்கள்மேல் அந்த வெயில் விழும். பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது. பஸ் நிறுத்தத்துக் கூரையின்கீழ் ஆடுகளோடு ஆடாக ஒதுங்கி, அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் எத்தனையோ மாலைகள் காத்திருந்திருக்கிறேன். வந்த நாளும் சந்தோஷம். வராத நாளும் ஆடு மேய்க்கிறவரோடு பேசிக்கொண்டிருந்த சந்தோஷம் மிச்சம்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? கரிசலைத் தானியங்கி முறையில் படம் எடுத்தால் மண் சாம்பல் நிறமாக வெளுத்து வரும். வெளிச்சம் அளக்கும் கருவி, எதிரே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும் என்ற கணக்கோடு செய்யப்பட்டது. கறுப்பைக் கண்டால் ‘வெளிச்சம் போதவில்லை’ என்று அதுவாகவே கூட்டிவிடும். நாம்தான் ஒரு படி குறைத்து வைத்து, ‘இது இருட்டல்ல, மண்’ என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். கோடாக் கம்பெனிகூட வெகுகாலம் தன் வண்ணப் படங்களின் நிறத்தை வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்தே சரிபார்த்து வந்தது. யந்திரத்தை மன்னிக்கலாம். மனிதர்களும் அதே கணக்கோடு பார்க்கிறார்களே, அதை எப்படி மன்னிப்பது?

எங்கள் பக்கத்துக்குக் காமிராவோடு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் ஆடி கடைசி வெள்ளிக்கு வருவார்கள். மாரியம்மன் சந்நிதியில் அக்கினிச் சட்டியும் கூட்டமும் எடுத்துக்கொண்டு அன்றே பஸ் ஏறிவிடுவார்கள். இன்னொரு வகையினர், பட்டாசு ஆலையில் புகை எழும்பினால் வருவார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன அன்று வராத காமிரா இல்லை. செய்திக்காரர் வருவது அவர் கடமை, அவரைச் சொல்லவில்லை. பொழுதுபோக்குக்காரரைத்தான் கேட்கிறேன்: திருவிழாவும் சாவும் தவிர எங்களுக்கு வேறு நாளே இல்லையா? தீக்குச்சி காய வெயில் இல்லையே என்று வாசலில் நின்று வானத்தைப் பார்க்கும் பெண்ணும், மழையில் பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வரும் பிள்ளையும் உங்கள் கண்ணுக்குப் படமாகத் தெரியவில்லையா? எடுங்கள்; ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததில் ஒரு பிரதியைக் கொண்டு வந்து கொடுங்கள். வறுமையைத் தேடி வந்து திருட்டுத்தனமாக எடுத்துப் போவது ரசனையாகாது.

இருக்கன்குடி அம்மனிடம் கண் நோய் கண்டவர்கள் வந்து தங்கி, தீர்த்தம் வாங்கிக் கண்ணில் விட்டுக்கொண்டு, குணமானால் கண்மலர் சாத்துவார்கள். பார்வை வேண்டி வருகிற ஊர் இது. இங்கே வந்தும் பார்க்காமல் போகிறவர்களுக்கு எந்தத் தீர்த்தத்தைப் பரிந்துரைப்பது?

காஷ்மீரத்துச் சினார் மரம் அழகில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பருவத்துக்கு அவர்கள் மொழியில் ‘ஹருத்’ என்று சொந்தப் பெயர் உண்டு. அந்தச் சிவப்பு அவர்கள் வாழ்க்கையில் கலந்தது. அவர்கள் தங்கள் வாசலில் நின்று பார்க்கிறார்கள். நாமும் நம் வாசலில் நின்று பார்க்கலாம் என்பதுதான் பேச்சு. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற பெரிய புகைப்படக்காரர் 1922-ல் தொடங்கிப் பல வருஷம் வெறும் மேகங்களையே படம் எடுத்தார். தம் படங்களின் சிறப்பு எதிரே இருந்த ஆட்களாலோ அபூர்வ விஷயங்களாலோ வந்ததல்ல என்று காட்டுவதற்காக, யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற மேகத்தைத் தேர்ந்தெடுத்தார். ஐப்பசியில் எங்கள் தலைக்குமேல் அந்தச் சரக்குக்குப் பஞ்சமே கிடையாது.

பொழுதுபோக்குக்காரருக்கு முதலாளி இல்லை, பத்திரிகாசிரியர் இல்லை, கல்யாண வீட்டுக்காரர் இல்லை. யாருக்கும் பிடித்த மாதிரி எடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இத்தனை சுதந்திரத்தையும் வைத்துக்கொண்டு, ஏற்கனவே ஆயிரம் பேர் எடுத்த படத்தை ஆயிரத்தொன்றாவதாக எடுப்பானேன்? இந்த மானாவாரிக் காடுகள் ஒவ்வொன்றாக முள்ளாகவும் மனையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. கொங்காணி போட்ட பெரியவரின் பேரன் ரெயின்கோட்டு வாங்கிவிட்டான், நல்லதுதான். ஆனால் கொங்காணி என்றால் என்ன என்று அவன் மகன் கேட்டால், காட்டுவதற்கு ஒரு படம் இருக்க வேண்டாமா?

கடைசியாக, பக்கத்து ஊர்க்காரர்களான சிவகாசி காலண்டர் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியிட்டு, கூதிர் மழை கொட்டுகிற நாட்களில்தான் உங்கள் அச்சு யந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. வெளியே கரிசல் நனைந்து மணக்கிறது. உள்ளே பனிமலையும் சிவந்த இலையும் அச்சாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றையும் அடியுங்கள், வியாபாரம் உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு தாள்களில் ஒன்றே ஒன்றை, அக்டோபர் நவம்பர் தாளை மட்டும், எங்களுக்கு விட்டுக்கொடுங்கள். படத்துக்குக் காசு வேண்டாம். வைப்பாற்றில் தண்ணீர் வந்த மறுநாள் காலைப் படம் என்னிடமே ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.