உடும்புக்குப் போன பெருமை

மராத்தியில் 'கோர்பட்' என்றால் உடும்பு. புனேயின் கோர்படியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது ஊர்ப் பெயரில் மட்டும் ஒலிக்கும் சொல் அல்ல. அவர்கள் பள்ளியில் கேட்டு வளரும் வீரக் கதையிலும் ஓர் உடும்பு உண்டு. பெயர் யஷ்வந்தி.

கதை இதுதான். 1670 பிப்ரவரி 4, இரவு. மொகலாயர் வசமிருந்த கொண்டாணா கோட்டையைப் பிடிக்க சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே வருகிறார். எதிரே செங்குத்துப் பாறை. யஷ்வந்தியின் இடுப்பில் கயிறு கட்டி மேலே விடுகிறார்கள். இரண்டு முறை திரும்பி வந்துவிடுகிறது. "இன்னொரு முறை திரும்பினால் சமைத்துவிடுவேன்" என்று தானாஜி மிரட்ட, உச்சிக்குப் போய்ப் பாறையை இறுகப் பற்றிக்கொள்கிறது. கயிற்றைப் பிடித்துப் படை ஏறுகிறது. கோட்டை கிடைக்கிறது, தானாஜி மடிகிறார். கோட்டை வந்தது, சிங்கம் போய்விட்டது என்று சிவாஜி கலங்கியதால் அது 'சிங்ககட்' ஆனதாம். (1670க்கு முந்தைய கடிதங்களிலேயே அந்தப் பெயர் இருக்கிறது என்பது வேறு விஷயம்.)

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, கோர்படியில் பிறந்து வளர்ந்த அக்கா மகனுடன் அந்தப் பாறையைப் பார்க்கக் கிளம்பினேன். புனேயிலிருந்து சுமார் 30 கி.மீ. அடிவாரம் வரை நகரப் பேருந்து போகிறது. பிறகு ஆத்கர்வாடியிலிருந்து கால்நடை. ஒன்றரை மணி நேரம் மூச்சு வாங்கும். வழியில் மோர் விற்பவர்களிடம் இரண்டு முறை சரணடைந்தேன். உச்சியில் விறகடுப்பில் சுட்ட பாக்ரி, கடலைமாவுப் பிட்லா. பசிக்கு அமிர்தம்.

சாப்பிட்டுவிட்டு 'தானாஜி கடா' எனப்படும் விளிம்புக்குப் போனோம். கறுத்த எரிமலைப் பாறை நேராகக் கீழே இறங்குகிறது. எட்டிப் பார்த்த பையன் கேட்டான்: "ஏன் மாமா, ஒரு உடும்பு ஆளைத் தாங்குமா?"

தாங்காது. உடும்புப் பிடி என்று நாமும்தான் பேசுகிறோம். ஆனால் சில கிலோ எடையுள்ள பிராணி, கயிற்றில் தொங்கும் மனிதனைச் சுமக்க முடியாது. உடும்பு, நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் வளர்ந்தது. அதற்கு முந்தைய சாட்சி ஒன்று உண்டு. சிவாஜியின் வரலாறான சபாசத் பக்கர், 1690களில் எழுதப்பட்டது. எழுதப்பட்ட இடம் நம் செஞ்சிக் கோட்டை! சிவாஜியின் மகன் ராஜாராம் மொகலாயருக்குத் தப்பி அங்கிருந்து அரசாண்டபோது, அவர் கேட்க, கிருஷ்ணாஜி அனந்த சபாசத் எழுதினார். அதில் உடும்பு இல்லை. மலையேறத் தெரிந்த இரண்டு மாவளா வீரர்கள் முதலில் குரங்குபோல் ஏறுகிறார்கள். பிறகு ஏணி கட்டி முந்நூறு பேர் ஏறுகிறார்கள்.

மாவளாக்கள் இந்தச் சுற்றுவட்டப் பள்ளத்தாக்குகளின் உழவர் மக்கள். பாறையில் ஏறுவது அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். அந்தக் கைகால்களின் திறமையைத்தான் கதை எடுத்து ஓர் உடும்புக்குக் கொடுத்துவிட்டது. விளிம்பில் நின்று பார்த்தால் கதை கட்டியவர்களையும் குறை சொல்லத் தோன்றவில்லை. இதை மனிதன் இருட்டில் ஏறினான் என்பதைவிட, உடும்பு ஏறியது என்பதை நம்புவது சுலபம்.

திரும்பும் வழியில் ராஜாராமின் சமாதியைப் பார்த்தோம். செஞ்சியிலிருந்து மீண்ட அவர் 1700இல் இந்தக் கோட்டையில்தான் இறந்தார். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான்.

"மொதல்ல ஏறின அந்த ரெண்டு பேரோட பேரு என்ன மாமா?"

தெரியாது. உடும்பின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.