காய்ச்சல் புள்ளையும் முழு வரவுப் பரிசும்

காலை ஆறரைக்கு ஒரு பனடோல். ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடை. ஏழரைக்கு மணி அடிக்கும்போது புள்ள வகுப்பில். நற்பிட்டிமுனையில் மட்டுமில்ல, கல்முனைப் பக்கம் மாரி தொடங்கினால் பல வீடுகளில் இதுதான் நடக்குது. பனடோல் தாங்குறது நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம். இடைவேளை முடியிற நேரம் காய்ச்சல் திரும்பவும் ஏறி, புள்ள மேசையில தலைய வச்சுப் படுத்துடும். டீச்சர் வீட்டுக்கு கோல் எடுக்குறதுக்குள்ள ஒரே தண்ணிப் போத்தல்ல நாலு பேர் குடிச்சாச்சு.

இதுக்காக உம்மாமாரைத் திட்டுறது லேசு. நாங்க அதுக்கு உடன்பாடில்ல. வாப்பா நாட்கூலி, உம்மா வெளிநாட்டில், வீட்டில வயசான உம்மம்மா மட்டும் என்றால், புள்ளைய மறிக்கிறது ஒரு நாள் சம்பளத்தை மறிக்கிற வேலை. அதுக்கு மேல புலமைப்பரிசில் பயம். "80 வீத வரவு வேணுமாம்" என்ற பேச்சு வேற. அது உயர்தரப் பரீட்சைக்குப் போற மாணவருக்கான நிபந்தனை. தரம் 2 புள்ளைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

எல்லாத்தையும் விட எங்களுக்குக் கோவம் வாறது முழு வரவுப் பரிசில்தான். வருசத்தில் ஒரு நாள்கூட வராமல் விடாத புள்ளைக்கு மேடையில் சான்றிதழ். ஆஸ்துமா இருக்கிற புள்ள அந்த மேடையை எப்ப காணும்? வருத்தத்தோட வந்து வகுப்புக்கே பரப்பின புள்ளைக்குக் கைதட்டுறோம், வீட்டில் படுத்துக் கிடந்து மத்தவங்களைக் காப்பாத்தின புள்ளைக்கு இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு.

அதுக்காக மூக்கு வடிஞ்சா உடனே மறிக்கச் சொல்லல்ல. சாப்பிடுது, ஓடி விளையாடுது, காய்ச்சல் இல்ல என்றால் போகட்டும். பேன் இருந்தாலும் போகலாம், வெட்கத்தில் மறிக்கத் தேவையில்ல. வாந்தியோ வயித்தோட்டமோ என்றால் நின்றதுக்குப் பிறகு ரெண்டு நாள் வீட்டில். கொப்புளிப்பான் என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு வாற வரைக்கும். சின்னமுத்து சிவப்பாப் போடுறதுக்கு நாலு நாள் முந்தியே தொத்தும். அந்த நேரம் பார்த்தால் வெறும் காய்ச்சல், இருமல், சிவந்த கண். இலங்கையில் அது ஒழிஞ்சிட்டு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2023இல் திரும்பி வந்துட்டு. 2024 ஜனவரியில் கைக்குழந்தைகளுக்கு விசேட தடுப்பூசி போட்ட இடங்களில் கல்முனையும் ஒன்று.

காய்ச்சலுக்குக் கணக்கு: பனடோல் குடுக்காமல் 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேணும். டெங்குவில் அந்தக் கணக்கும் போதாது. 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த வருசத் தொடக்கத்தில் நம்ம மாகாணத்துக் கிண்ணியாவில் அது பரவி, பாடசாலைகளையே மூட வேண்டி வந்தது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். நாலாம் நாள் உடம்பு குளிர்ந்ததும் "சுகமாயிட்டு, நாளைக்கு ஸ்கூலுக்குப் போ மகன்" என்று நாம சொல்றது சரியாக அந்த நேரத்தில்தான். விடாத வயித்து வலி, வாந்தி, குளிர்ந்த கை கால், முரசில் ரத்தம், ஒரு மாதிரிச் சோர்வு எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. மூணாம் நாளும் காய்ச்சல் விடல்ல என்றால் ரத்தம் பார்க்கணும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனக் குடுக்கவே கூடாது.

பாடசாலைகளிடம் ஒரு கேள்வி. ரெண்டு நாள் காய்ச்சலுக்கு ஏன் டொக்டர் துண்டு கேட்குறீங்க? துண்டுக்குக் காசில்லாத வீடு புள்ளைய அனுப்பத்தான் செய்யும். உம்மா எழுதின கடிதம் போதும். வகுப்புக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, அன்றைய பாடத்தை அதில் போடலாம். வாற பரிசளிப்பு விழாவுக்கு முழு வரவுச் சான்றிதழ் அச்சடிக்காமல், அந்தக் காசுக்கு வகுப்புக்கு ஒரு தெர்மோமீட்டர் வாங்கி வையுங்க.